மூன்று மரை மிச்சம்

நாலு அங்குலம் தூக்கிவிட்டான் கெட்டில், என் வண்டியை.
ஆறு கடக்கவும் பனியில் புதையாமல் போகவும்.
முப்பத்தெட்டு அங்குல டயர்.
ஏறும்போது என் இடுப்பு ஒருமுறை முனகும்,
அது போகட்டும்.
பிரேக்கை மிதித்தால்தான் வம்பு:
முன்பக்கம் நெடுஞ்சாண்கிடையாக விழப் பார்க்கும்,
பின்சக்கரங்கள் எனக்கென்ன என்று
உருண்டுகொண்டே வரும்.

அப்படித்தான் செப்டம்பர் மூடுபனியில்
பார்துரின் சாம்பல்நிற ஆட்டை இடித்தேன்.
பதினோரு மீட்டர் முன்பே நின்றிருக்க வேண்டிய வண்டி.
அளந்தவன் அவன்தான். காலடியால்.
சத்தமாக எண்ணிக்கொண்டு.
பணம் கொடுத்தேன், வாங்கிக்கொண்டான்.
அதன்பின் யோகுல்தாலுர் பள்ளத்தாக்கில் எங்கே எதிர்ப்பட்டாலும்
வானிலை மட்டும் பேசினோம்.
அதுவும் ஆற்றுக்கு அவன் பக்கத்து வானிலை,
என் பக்கத்து வானிலை.

குற்றவாளி ஒரு கையளவு.
சேஸிஸோடு ஒட்டித் துருவேறிய வால்வு,
அதிலிருந்து பின் அச்சுவரை ஒரு கம்பி.
பாரம் ஏறினால் வண்டி தாழும், கம்பி நிமிரும்,
சரக்கு வந்திருக்கிறது என்று
பின் பிரேக்குக்கும் அழுத்தத்தைத் திறந்துவிடும் வால்வு.
காலி வண்டியில் கம்பி தொங்கும்,
வால்வு கையை இறுக்கிக்கொள்ளும்.
கெட்டில் தூக்கிய அன்றிலிருந்து தொங்கியதுதான்.
அரை டன் தீவனம் ஏற்றினாலும்
அதன் கணக்கில் நான்
வெறுங்கையோடு வருகிறவள்.

"பிடுங்கி எறிந்துவிடேன்" என்றான் கெட்டில், தொலைபேசியில்.
அவன் எறிவான்.
ஆறு வருஷம் கூட இருந்து பார்த்தவள் நான்.

ஆறு மில்லிமீட்டர் தகட்டை வெட்டி, வளைத்து,
அச்சின்மேல் நாலு அங்குலத்துக்கு ஒரு மணை போட்டேன்.
பழைய போல்ட் வர மறுத்தது.
சூடு காட்டினேன். எண்ணெய் விட்டேன்.
கெட்ட வார்த்தையும்.
வந்தபோது பாதிதான் வந்தது.

கம்பியின் நீளம் மரையில் இருக்கிறது.
நீட்டினால் பின்னுக்கு அதிகம், குறைத்தால் குறைவு.
நான் ஆசைப்பட்டு நீட்டிவிட்டேன்.
ஈரச் சரளையில் நாற்பதில் வந்து மிதித்தேன்.
வண்டியின் வால் என்னை முந்திப் போகப் பார்த்தது.
கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருந்த மலை
திடீரென்று பக்கத்து ஜன்னலுக்கு வந்து நின்றது.

முன்சக்கரம் முதலில் பூட்ட வேண்டும்,
பின்சக்கரம் ஒரு மூச்சுப் பிந்தி.
ஓட்டுகிறவருக்கு அது தெரியாது.
வெளியே ஒரு கண் வேண்டும்.

வேலிக்கு அப்பால் நின்றிருந்தான் பார்துர்.
எவ்வளவு நேரமாகவோ.
ஒன்றும் கேட்கவில்லை, வாய்க்காலில் இறங்கி
மழைக்கோட்டோடு குப்புறப் படுத்தான்,
கண் சக்கரத்தின் உயரத்தில்.

மிதித்தேன். தலையாட்டினான், இல்லை.
இரண்டு மரை உள்ளே.
மிதித்தேன். விரலைக் கிள்ளிக் காட்டினான், இன்னும் கொஞ்சம்.
ஒரு மரை.
மிதித்தேன்.
எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டான்.

"காலி வண்டிக்குச் சரி, ஹல்பெரா. பாரத்துக்கு?"
தீவன மூட்டை தீர்ந்துவிட்டது என்றேன்.
மூக்கைச் சொறிந்தான். பட்டிக்குப் போனான்.

ஆறு ஆடுகள். எப்படியும் நானூறு கிலோ.
அதில் ஒன்று சாம்பல்நிறம்,
அதே போன்ற கோணல் காது.
நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.
பின்கதவைத் தாழிட்டுவிட்டு
இந்தமுறை வாய்க்காலுக்குப் போகாமல்
என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தான்.

நாற்பது. மிதி.
வண்டி நாலு காலிலும் உட்கார்ந்தது,
பசு படுப்பதுபோல, அவசரமில்லாமல்.
பின்னால் ஆறு ஆடுகளும்
சேர்ந்து ஓரடி முன்னே வைத்தன.
ஒன்று கனைத்தது. அவ்வளவுதான்.

இறங்கிப் போய், மிதித்த இடத்திலிருந்து
காலடியால் அளந்துகொண்டு வந்தான், சத்தமாக.
பாதியில் எண்ணிக்கையை விட்டுவிட்டு
ஆடுகளைப் பார்க்கப் போய்விட்டான்.

லாக் நட்டை இறுக்கினேன்.
வெளியே மூன்று மரை மிச்சம்.
வெள்ளைப் பெயிண்டால் ஒரு கோடு போட்டேன்,
அசைந்தால் தெரியட்டும்.

"நாளைக்கு மழை" என்றான் பார்துர்,
கதவைத் திறந்துகொண்டே.
எந்தப் பக்கம் என்று சொல்லவில்லை.